ஆலையும் அரசும் அசைவது எப்போது?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் நிறைந்த இவ்விழாவில், சற்றே கனமான பொருள் ஒன்றைப் பேச நமக்கும் இடமளித்த விழாக் குழுவினர்க்கு முதற்கண் நன்றி. ஒரு தொழிற்சாலையாலோ அரசாங்க அலுவலகத்தின் அசட்டையாலோ மக்களுக்குத் தீங்கு நேர்கிறது. மக்கள் வெளியே நின்று குரல் எழுப்புகிறார்கள். நாளடைவில் அந்த நெருக்குதல் வளர்கிறது. அப்போது உள்ளே நாற்காலியில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

நம் பாட்டிமார் இரண்டு பழமொழிகளைச் சொல்லி வைத்தார்கள். ஒன்று, ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்.’ மற்றொன்று, ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.’ இவ்விரண்டும் ஒன்றையே சொல்வன போலத் தோன்றும். உற்று நோக்கினால் வேறுபாடு விளங்கும். முன்னது ஓசையின் வலிமையைச் சொல்கிறது. பின்னது விடாமையின் வலிமையைச் சொல்கிறது. ஓசை எழுந்தால் பதில் வரும். ஆனால் அம்மி நகர வேண்டுமாயின், அதே இடத்தில், இடைவிடாமல், குறி தவறாமல் அடி விழ வேண்டும். பதில் வந்ததையே அம்மி நகர்ந்ததாக எண்ணி மக்கள் வீடு திரும்பிவிடுவதால்தான் பல போராட்டங்கள் பாதியிலே நின்றுவிடுகின்றன.

முதலில் ஜப்பான் நாட்டுச் செய்தி ஒன்று. அங்கே மினமாட்டா என்பது கடற்கரையூர். சிஸ்ஸோ என்னும் இரசாயன நிறுவனத்தின் ஆலை அங்கே இருந்தது. அது பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. பாதரசம் மீனுக்குள் புகுந்தது. மீனை உண்ட செம்படவர் குடும்பங்கள் கை கால் நடுங்கிப் பேச்சிழந்து வீழ்ந்தன. 1956-ஆம் ஆண்டு மே மாதம் இந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. 1959-இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பாதரசத்தின் மீது ஐயத்தை வெளியிட்டார்கள். நிறுவனம் மறுத்தது. அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் சொந்த மருத்துவரான ஹொசொகாவா, ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். பூனைக்கு அதே நோய் கண்டது. அந்த முடிவு வெளியே வராமல் மறைக்கப்பட்டது.

செம்படவர்கள் ஆலைக்குள் புகுந்து கலகம் செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியபோது, 1959 டிசம்பரில் நிறுவனம் இரண்டு காரியங்கள் செய்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை நிறுவி, தொடக்க விழா நடத்தியது. சுத்தமான நீர் என்று சொல்லி நிறுவனத் தலைவரே ஒரு குவளை அருந்திக் காட்டினார். அந்த இயந்திரம் பாதரசத்தை நீக்குவதற்காக அமைக்கப்பட்டதன்று என்பது பின்னரே வெளியாயிற்று. இரண்டாவது, நோயாளிகளுக்கு ‘அனுதாபத் தொகை’ கொடுத்து ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. நாளை ஆலையே காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை என்பது அதில் ஒரு நிபந்தனை! உலகம் ஓய்ந்தது. பாதரசக் கழிவோ 1968 வரை கடலில் கலந்துகொண்டே இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் ஜப்பானிய அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்து, அந்தப் பழைய ஒப்பந்தம் செல்லாது என்றும் கூறிற்று. அத்தீர்ப்புக்குத் துணை நின்றவற்றுள் ஒன்று, நோய்ப் படுக்கையில் கிடந்தபடி மருத்துவர் ஹொசொகாவா அளித்த சாட்சியம்.

இந்த வரலாற்றை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. நெருக்கடி வந்தபோது பெரிய நிறுவனங்கள் ஏறி இறங்கும் படிகள் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. முதற்படி மறுப்பு. இரண்டாம் படி காட்சி. அதாவது தீங்கை நீக்காமல் நீக்கியது போலக் காட்டுதல். மூன்றாம் படி, பொறுப்பை ஏற்காமல் பணம் கொடுத்தல். நான்காவது படியே உண்மையான பரிகாரம். முதல் மூன்று படிகளையும் ஏற ஓசை ஒன்றே போதும். நான்காம் படிக்கு ஏற்றுவதற்கு வேறொன்று வேண்டும். அது யாது என்பதைக் கொடைக்கானலிலே காண்போம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கி வந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு நம் கொடைக்கானல் மலைக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அது. பின்னர் உலக அளவில் அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியதால், இங்கே இந்துஸ்தான் லீவரின் கைக்கு மாறிற்று. செய்யப்பட்ட வெப்பமானிகள் கப்பலேறி வெளிநாடு சென்றன. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் பொருள். அந்த ஆவி மூச்சோடு உட்சென்றால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆலையின் பின்புறமோ பாம்பார் சோலைக் காடு.

2001-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று கொடைக்கானல் மக்கள் ஏறத்தாழ நானூறு பேர் ஆலை வாயிலுக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். பாதரசம் படிந்த உடைகண்ணாடி 7.4 டன் அளவுக்கு மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை அவர்களும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் உலகுக்குக் காட்டினார்கள். ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. நடைமுறை விதிக்கு மாறாகக் கண்ணாடி வெளியே போய்விட்டது என்று நிறுவனம் விளக்கம் கூறிற்று. 2003-ஆம் ஆண்டு, ஆலையில் சேர்ந்திருந்த பாதரசக் கழிவு 290 டன், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிச் சென்ற அரிய நிகழ்ச்சி அது.

இத்தனையும் நிகழ இரண்டே ஆண்டுகள் ஆயின. ஆனால் ஆலையில் வேலை செய்து உடல் நலிந்தவர்கள் நிலை என்ன? வாயில் மூடியதால் பிழைப்பும் போயிற்று. பாதுகாப்பு ஏற்பாடு போதாமல் வேலை செய்தோம் என்று தொழிலாளர்கள் கூறினர். விதிப்படியே நடந்தோம், எவர் உடல்நலமும் ஆலையால் கெடவில்லை என்று நிறுவனம் கூறிற்று. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகக் கூடி, 2006-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டில், ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வு மையத்தார் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அளந்து வெளியிட்டனர். 2011-ஆம் ஆண்டு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழு, தொழிலாளர்களின் நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு உண்டென்று அறிக்கை தந்தது. ஆயினும் வழக்கு நீண்டுகொண்டே சென்றது.

2015-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று ஒரு பாட்டு வெளியாயிற்று. சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்னும் இளம்பெண், மேல்நாட்டு மெட்டொன்றில் ஆங்கிலச் சொற்களை அமைத்து, யூனிலீவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டுப் பாடினார். சில நாட்களிலேயே பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதை இணையத்தில் கண்டார்கள். பதினான்கு ஆண்டுகள் மலைமேல் ஒலித்த குரல் அன்றுதான் கடல் கடந்தது. யூனிலீவரின் உலகத் தலைவராயிருந்த பால் போல்மன், தீர்வுக்காக உழைத்து வருவதாக இணையத்திலேயே பதில் தந்தார். 2016-ஆம் ஆண்டு மார்ச்சில், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் சார்பில் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் அளிக்கப்படும் உதவி என்று நிறுவனம் அதற்குப் பெயரிட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை.

நண்பர்களே! ஒரு பாட்டு ஒரு பெரிய நிறுவனத்தைப் பணிய வைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. நாம் அதை முழுவதும் ஒப்பமாட்டோம். பாட்டு எழுந்த அன்று நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. அமைச்சகத்தின் அறிக்கை இருந்தது. ஏரியை அளந்த ஆய்வு இருந்தது. இன்னார் இன்னார் வேலை செய்தோம் என்று ஒன்றுகூடி நின்ற சங்கம் இருந்தது. இவை இல்லாதிருப்பின், பாட்டுக்கு ஓர் இனிய அறிக்கை பதிலாக வந்திருக்கும். பிறகு உலகம் அடுத்த பாட்டுக்குச் சென்றிருக்கும். பாட்டைக் குறை சொல்கிறோம் என்று எண்ணற்க. அந்த ஓசை இல்லையேல், அந்த ஏடுகள் இன்னும் எத்தனை ஆண்டுகள் அலமாரியில் உறங்கியிருக்குமோ!

நாம் இரயில்வேயில் எழுத்தராக இருப்பதால் ஓர் உவமை நினைவுக்கு வருகிறது. பழைய நீராவி இன்ஜினில் நீராவிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊதல் வழியாகப் போனால் ஊரெல்லாம் கேட்கும். உருளைக்குள் போய் உந்துதண்டைத் தள்ளினால்தான் சக்கரம் சுழலும். இரண்டும் ஒரே கொதிகலனின் நீராவிதான். மக்களின் ஆத்திரமும் அப்படியே. அதற்கு ஊதலும் வேண்டும், உருளையும் வேண்டும். தேதி இட்ட கடிதம், அளந்து எடுத்த கணக்கு, பெயர்ப் பட்டியல், நீதிமன்ற எண் ஆகியவையே அந்த உருளை.

அலுவலகத்தின் உள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூறு பேர் வாயிலில் நின்று கூவினால் அதிகாரி சன்னலைச் சாத்துவார். மாலைக்குள் கூட்டம் கலைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஒருவர் தபால் பதிவெண் குறிப்பிட்டு, ‘இன்ன தேதியில் தந்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை’ என்று எழுதினால், அந்தக் கோப்பை யாரேனும் ஒருவர் எடுத்தே ஆக வேண்டும். பதில் எழுதாவிடில், நாளை விசாரணை வரும்போது கையெழுத்திட்டவர் அகப்பட்டுக்கொள்வார். கம்பெனி அஞ்சுவது தன் பெயர் சந்தையில் கெடுவதற்கு. அமைச்சர் அஞ்சுவது வாக்குக்கும் நீதிமன்றத்துக்கும். அலுவலர் அஞ்சுவது கோப்புக்கு. எதை எங்கே அழுத்துவது என்று அறிந்து அழுத்துதல் வேண்டும்.

கொடைக்கானல் கதையில் நான்காம் படி முழுவதும் ஏறியாயிற்றா என்றால், இல்லை. ஆலை மண்ணை எவ்வளவு தூய்மை செய்வது என்பதில் வழக்காடல் நீண்டது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்னும் அளவுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைந்தது. இலண்டன் மாநகரில் குடியிருப்பு அருகே இந்த அளவை அனுமதிப்பார்களா என்று இயக்கத்தார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உடன்பாடு கண்டவுடன் உலகத்தின் கவனம் மலையிறங்கிவிட்டது. மண் அங்கேயே இருந்தது.

கம்பெனியின் கதை இது. அரசாங்கத்தின் கதை எப்படி? அதற்கு நாம் மலையேற வேண்டியதில்லை. விவேக் நகரின் சாக்கடை ஓரமாக நடந்தால் போதும். இங்கே நம் வீடுகளில் பாத்திரம் துலக்கிய நீரும் துணி வெளுத்த நீரும் எங்கே போகின்றன? ஈஜிபுரா, கோரமங்கலா பக்கத்து இராஜகால்வாய்களில் சேர்ந்து பெல்லந்தூர் ஏரிக்குப் போகின்றன. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள, பெங்களூரின் மிகப் பெரிய ஏரி அது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அப்பால் தென்பெண்ணையாறு. ஆறு ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடலைச் சேர்கிறது. கெலவரப்பள்ளி மதகில் நுரை மலைபோல் பொங்கிய செய்தியைப் பத்திரிகைகளில் பலமுறை கண்டோம். அந்த நுரையில் நம் காலனியின் சோப்புத் தூளும் உண்டு. அங்கே வயலுக்கு நீர் பாய்ச்சுபவர்கள் நம் உறவினர்களாகவும் இருக்கலாம்.

பெல்லந்தூர் ஏரி 2015-ஆம் ஆண்டு மே மாதம் தீப்பற்றியது. நீர் தீப்பற்றும் விந்தையை உலகமே படம் பிடித்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் பற்றியது. அப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏப்ரலில், ஏரியைச் சுற்றியுள்ள மாசு விடும் தொழிற்கூடங்களை மூடுமாறு ஆணையிட்டது. கூடங்கள் மூடப்பட்டன. ஆனால் ஏரிக்கு வந்த கழிவில் பெரும்பகுதி வீட்டுச் சாக்கடை. இந்திய விஞ்ஞானக் கழகத்தார் சலவைத்தூளில் உள்ள பாஸ்பேட்டையும் நுரைப்பொருளையும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். எனவே வாயில்களை மூடியும் நுரை நிற்கவில்லை. 2018 ஜனவரி 19 அன்று மூன்றாம் முறை பெருந்தீ மூண்டு, இராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து அணைக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி ரூபாயும், அந்நாளில் மாநகராட்சியாக இருந்த பி.பி.எம்.பி.க்கு 25 கோடி ரூபாயும் தண்டம் விதித்து, ஏரிப் பணிக்கென 500 கோடியைத் தனியே ஒதுக்கி வைக்குமாறு பணித்தது. பின்னரே நீரை வடித்துச் சேற்றை அள்ளும் வேலை தொடங்கிற்று. கெடு மேல் கெடு தள்ளிப் போயிற்று.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. ஒன்று, அரசாங்கத்துக்கு விதித்த தண்டம் யாருடைய பணம்? அது நம் வரிப்பணமே. கம்பெனிக்குத் தண்டம் வலிக்கும்; அரசுக்குத் தண்டம் அவ்வளவாக வலிக்காது. கெடுவும் அதைக் கண்காணிக்கும் கண்களுமே அரசுக்கு வலிக்கும். இரண்டாவது, நெருக்கடி வந்தவுடன் மூடப்பட்டவை எளிதில் மூடக்கூடிய சிறு கூடங்கள். நகர முழுவதற்கும் சாக்கடைக் குழாய் பதித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது கடினம். அது மெல்ல நடந்தது. கொடைக்கானலிலும் வாயில் ஒரே நாளில் மூடியது; தொழிலாளியின் நோய்க்கு வழி பதினைந்து ஆண்டு கழித்தே பிறந்தது. ஆகவே, ‘மூடு’ என்று மட்டும் கேட்கும் போராட்டம் பாதிப் போராட்டம். மூடினால் அங்கே உழைத்தவர் கதி என்ன, கெட்ட மண்ணை யார் திருத்துவது, யார் செலவில் என்பதையும் முதல் நாளிலேயே கேட்க வேண்டும்.

நெருக்குதல் சட்டமாகவும் கனியும் என்பதையும் மறத்தலாகாது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழிலில் உழைப்போரின் உடல்நலப் பதிவேட்டை முதலாளி வைத்திருக்க வேண்டும், தொழிலாளி அதைப் பார்க்கலாம் என்று விதி செய்யப்பட்டது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 2010-இல் பசுமைத் தீர்ப்பாயமும் வந்தன. மினமாட்டாவின் பெயராலேயே 2013-இல் பாதரச உடன்படிக்கை உருவாயிற்று. 2018-இல் இந்தியாவும் அதை ஏற்றது. பாதரச வெப்பமானி உற்பத்தியை 2020-க்குள் நிறுத்துவது அதன் விதிகளுள் ஒன்று. அறுபது ஆண்டு அழுகையும் அடியும் சேர்ந்து பெற்ற பலன் இது.

நம் காலனிக்கு இதனால் ஆவது யாது? மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் சங்கத்தில் ஒரு கெட்டி அட்டைப் பேரேடு வைப்போம். சாக்கடை பொங்கிய நாள், குழாயில் கலங்கல் வந்த நாள், யாரிடம் சொன்னோம், என்ன பதில், எந்த எண்ணில் என்று தேதியிட்டு எழுதுவோம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் கேட்டால், முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அதைப் பயன்படுத்துவோம். இன்று எழுதும் வரி, பத்து ஆண்டு கழித்து நம் பிள்ளைகளுக்குச் சாட்சி சொல்லும்.

இரண்டாவது, மனுக்களைக் கன்னடத்திலேயே எழுதுவோம். அண்டை வீட்டுக் கன்னட அன்பர்களின் கையெழுத்தோடு சேர்த்தே கொடுப்போம். இது அவர்கள் ஏரி, நம் ஏரி என்ற பிரிவினைக்கு உரிய காரியம் அன்று. தென்பெண்ணை இரண்டு மாநிலங்களிலும் ஓடுகிறது.

மூன்றாவது, தாய்மார்களுக்கு. சலவைத்தூள் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். பாஸ்பேட் இல்லை என்று அச்சிட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடைக்காரர் ‘அதை யார் கேட்கிறார்கள்?’ என்பார். நாம் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். கடைக்காரர் விற்பனையாளரிடம் சொல்வார். விற்பனையாளர் கம்பெனிக்கு எழுதுவார். 1970-களில் அமெரிக்காவில் ஈரி ஏரி கெட்டபோது, பல மாநிலங்கள் சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடுத்தன. இயலாது என்று முணுமுணுத்த கம்பெனிகளே வேறு பொருள் கலந்து விற்றன. அங்கே இயன்றது இங்கும் இயலும்.

பெரியோர்களே! வெளியே நிற்பவன் எளியவன், உள்ளே இருப்பவன் வலியவன் என்று நாம் பழகிவிட்டோம். கொடைக்கானல் தொழிலாளி நமக்குக் காட்டியது வேறு. உள்ளே இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பார்கள். மேலாளர் மாறுவார், ஆணையர் மாறுவார், அமைச்சர் மாறுவார். வெளியே நிற்பவர் மாறாமல், மறவாமல், ஏட்டோடு நின்றால் ஒரு நாள் உள்ளே இருப்பவரே எழுந்து வந்து பேசுவார். அவர் பேச வந்த அன்று நாம் களைத்து வீடு திரும்பியிருக்கக் கூடாது.

 வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் கன்னட நாடு!